தோலும் விஷமும்: இருளர் கண்ட வழி

ட்ராம்பே மலையடிவாரத்தில் குடியிருக்கும் நமக்குப் பாம்பு புதிதல்ல. கண்டதும் அடிக்கத்தான் கை போகிறது. கொல்லாமலே அதனால் பிழைக்கலாம் என்று காட்டியவர்கள் செங்கல்பட்டுச் சீமை இருளர்கள்.

ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காக அவர்கள் பாம்பைக் கொன்றார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு தோல் ஏற்றுமதியும் தடைப்பட்டது. பாம்பு பிழைத்தது, இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது. நானும் வியாபாரிதான். சரக்கு நின்றால் முதலில் பட்டினி கிடப்பவன் முதலாளி அல்ல, கூலிக்காரன் என்பது எனக்குத் தெரியும்.

சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வடநெம்மேலியில் பாம்பைச் சில வாரம் மண்பானையில் வைத்து, சில தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலே விட்டுவிடுவார்கள். அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்காதிருக்கத்தான் அந்த அடையாளம்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் கடிமருந்து செய்கிறார்கள். நம் பரேல் ஹாஃப்கின் நிறுவனமும் அதற்குப் பேர்போனது.

2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்கள் பத்மஸ்ரீ பெற்றார்கள். தோலை ஒரு தடவைதான் உரிக்கலாம். விஷமோ மறுபடியும் ஊறும். கொல்லாமை நஷ்டக் கணக்கு என்பவர்கள் இந்தப் பேரேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும்.