இதய அறுவையில் மையவிலக்குப் பம்பு

உயிருள்ளவரை ஓயாது உழைப்பது இதயம். அதனைத் திறந்து பழுது நீக்க வேண்டுமாயின், அதன் பணியை அந்நேரம் வேறொன்று ஏற்றாக வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தம் சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் மீளாக் கேடு விளையும். ஆதலின், இதய அறுவையின் வரலாறு ஒரு வகையில் இரத்தத்தை இறைக்கும் பம்பின் வரலாறே எனலாம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன், தம் துணைவியார் மேரியுடன் 1930களில் இம்முயற்சியில் இறங்கினார். 1953 மே 6ஆம் நாள், பிலடெல்பியா நகரில், இதய மேலறைகளின் இடைச்சுவரில் துளை இருந்த 18 வயதுப் பெண்ணுக்கு அவர் அறுவை செய்தார். 26 நிமிடங்கள் இதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் பொறியே முழுமையாக ஏற்றது. அப்பெண் பிழைத்தார்.

அக்காலப் பொறிகளில் இடம்பெற்றது உருளைப் பம்பு. நெகிழ்குழாயை உருளைகள் அழுத்தி நீவ, உள்ளிருக்கும் இரத்தம் முன்னே செல்லும். மைக்கேல் டிபேக்கி 1934இல் இரத்தம் ஏற்றுவதற்கெனச் செம்மைப்படுத்திய முறை இது. எளியது, செலவு குறைந்தது, இன்றும் பல அறுவை அரங்குகளில் பயன்படுவது. ஆயினும் குறைகளும் உள. அழுத்தி நீவுவதால் சிவப்பணுக்கள் சிதையும். முன்னே வழி அடைபட்டாலும் தள்ளுதலை நிறுத்தாதாகையால் குழாய் வெடிக்கக் கூடும். இரத்தத் தொட்டி வற்றினால் காற்றையே உடலுக்குள் செலுத்திவிடும்.

இக்குறைகளுக்கு விடை நம் உழவர் கிணற்றடியில் காணும் பம்பின் தத்துவத்திலேயே இருந்தது. மத்தால் மோர் கடையும்போது நடுவில் குழிந்து ஓரத்தில் உயர்வதை யாவரும் அறிவர். சுழலும் நீர்மம் விளிம்பை நாடுவதால், நடுவில் உள்ளிழுத்து ஓரத்தில் வெளித்தள்ள இயலும். ஆனால், நீரிறைக்கும் சக்கரத்தின் இறக்கைகளை அப்படியே பயன்படுத்தினால் இரத்த அணுக்கள் சிதையும் அன்றோ? அமெரிக்கர்களான ஹெரால்ட் கிளெச்காவும் எட்சன் ராஃபர்ட்டியும் இறக்கைகளை நீக்கி, வழுவழுப்பான கூம்புகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிச் சுழற்றும் முறையை வகுத்தனர். 1968இல் அவர்தம் கருத்து ஏட்டில் வெளியாயிற்று; 1970களின் பிற்பகுதியில் அப்பம்பு அறுவை அரங்கை அடைந்தது.

வழி அடைபட்டால் இப்பம்பு குழாயை வெடிக்கச் செய்யும் அளவுக்கு அழுத்தத்தை ஏற்றாது. பெருமளவு காற்றுப் புகுந்தால், கிணற்றுப் பம்பைப் போலவே இறைப்பது நின்றுவிடும். எனினும் சிறு குமிழிகள் இதனூடும் செல்லக்கூடும். சுழற்சி ஒரே வேகத்தில் இருப்பினும் எதிர்ப்புக்கேற்ப இரத்தத்தின் அளவு மாறும். ஆதலால் ஓட்டத்தை அளக்கும் கருவி இன்றியமையாதது. சுழற்சி நின்றால் இரத்தம் பின்னோக்கி ஓடும். கிணற்றில் புட்வால்வு செய்யும் காவலை, இங்குக் குழாயை உடனே கவ்வியால் இறுக்கும் கைதான் செய்ய வேண்டும்.

குறுகிய நேர அறுவைகளில் இது உருளைப் பம்பைவிட மேலானதென்று ஆய்வுகள் ஐயமற நிறுவவில்லை. இதன் பெருமை நெடுநேரப் பணியிலேயே விளங்குகிறது. அறுவைக்குப் பின்னும் மீளாத இதயத்தை நாட்கணக்கில் தாங்க இது உதவுகிறது. காந்தப் புலத்தில் சுழலி மிதக்க, உடலுக்குள் பொருத்தப்படும் ஹார்ட்மேட் 3 என்னும் பம்புக்கு 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது ஆண்டுக்கணக்கில் இதயத்திற்குத் துணைநிற்கிறது.

அறுவை மருத்துவரின் பெயரை உலகம் அறியும். பொறியருகே அமர்ந்து, ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கண்ணிமைக்காது காப்பவரை நோயாளியும் அறியார். ஆயினும் அந்நேரம் உயிர் அவர் கையிலும் இருக்கிறது. இப்பணிக்குரிய பட்டப்படிப்பு தமிழ்நாட்டிலும் உண்டு. மருத்துவராவது ஒன்றே மருத்துவத் தொண்டு என்றெண்ணும் நம் மாணவ மணிகளும் பெற்றோரும் இதனை அறிதல் நன்று. கிணற்றடிப் பம்பு ஏன் நீரிறைக்கிறது என்று கேட்டறியும் பிள்ளைக்கு, இக்கல்வியின் முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.