சுருட்டு கடல் கடந்த கதை

திண்டுக்கல் என்றவுடன் இன்று பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வருகின்றன. நூறாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர்க்கு அவ்வூர் நினைவூட்டியது சுருட்டையே. 'செரூட்' என ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ள பழஞ்சொல் நமது சுருட்டுதான். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியும் இதனைத் தமிழ்ச்சொல் என்றே காட்டுகிறது. பிறப்பில் ஐயமில்லை, சொல்லைச் சுமந்து சென்றவர் யார் என்பதே நாம் ஆராயத்தக்கது.

சுருள் என்னும் தன்வினை, சுருட்டு எனப் பிறவினையாகிறது. உருள், உருட்டு என்பதும் திரள், திரட்டு என்பதும் இவ்வாறு அமைந்தவையே. புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்தது. 1617இல் ஜஹாங்கீர் பாதுஷா அதற்குத் தடை விதிக்கும் அளவிற்கு வெகுவிரைவில் பரவிற்று. பொருள் புதிது, பெயரோ, பாயையும் ஓலையையும் சுருட்டிவந்த மக்களின் பழைய வினைச்சொல்.

இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் கிடைக்கும் தொன்மையான சான்றுகளுள் ஒன்று, தாமஸ் பௌரி என்னும் கடல் வணிகர் எழுதிய குறிப்பு. 1669 முதல் 1679 வரை வங்கக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் தாம் கண்டவற்றை அவர் எழுதிவைத்தார். அது 1905இல்தான் அச்சேறியது. ஏழை மக்கள் இலையைச் சுருட்டி, ஒரு முனையில் நெருப்பிட்டு மறுமுனையை உதட்டில் வைத்துப் புகைப்பதைக் கூறி, அதனைப் போர்த்துக்கீசியர் 'செரூட்டா' என அழைப்பதாகவும் சொல்கிறார். அவர்கள் மொழியில் இன்றும் அது 'சருத்து'தான். ஆகவே, போர்த்துக்கீசியரே இடைப்பாலம் என்று கொள்வது எளிது.

ஆயினும் மலாய் மொழியிலும் 'செருத்து' உண்டு. சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அந்நூற்றாண்டில் கெடாவிலும் அச்சேயிலும் செல்வாக்குடன் விளங்கினர். பௌரியும் அவர்களை அறிந்தவரே. போட்டி வணிகருக்குரிய கசப்புடன்தான் அவர்களைப் பற்றி எழுதினார்! மலாய்ச் சொல்லை அவர்களே கொண்டு சென்றனர் என்று அறுதியிட நமக்கும் ஆசைதான். ஆனால் ஒலி அதற்கு இடந்தரவில்லை. தமிழில் சப்பாத்து ஆன போர்த்துக்கீசியச் சொல்லே மலாயில் 'செபாத்து' ஆயிற்று. சருத்து செருத்து ஆவதும் அதே முறைதான். எனினும், தாய்மொழிச் சொல்லைச் சூலியா மாலுமிகள் போர்த்துக்கீசியரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. ஒரே துறைமுகங்களில் இரு சாராரும் பழகியிருக்க, ஒருவரை மட்டும் பாலமாக்கி மற்றவரை மறப்பது முறையன்று.

பெயரளவில் திண்டுக்கல்லும் இழப்புக்குள்ளாயிற்று. இலண்டன் வரை சென்ற சரக்கின் பெயர் 'திருச்சினாப்பள்ளிச் சுருட்டு'. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் அடையாளம் காண்பது அதனைத்தான். அதற்கான இலையோ பெரிதும் திண்டுக்கல் சமவெளியில் விளைந்தது. பின்னர் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே ஆலை நடத்தியது. சுருட்டுப் புகையிலைக்கான ஆராய்ச்சி நிலையமும் 1948இல் அருகிலுள்ள வேடசந்தூரில்தான் அமைந்தது.