சகமாணவர் தாக்கம்

உடன் படிப்பவர்களின் மனப்பான்மையாலும் நடத்தையாலும் ஒரு கல்லூரி மாணவரின் படிப்பார்வமும், 'இது நம்ம இடம்' என்ற உணர்வும் கூடுவதோ குறைவதோ சகமாணவர் தாக்கம் எனப்படும். மாணவர்கள் பாதியில் நின்றுவிடுவதற்குக் கல்லூரியின் சமூக வாழ்வில் ஒட்ட முடியாமல் போவதும் ஒரு காரணம் என்று அமெரிக்கக் கல்வியியலாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் விளக்கினார்.

மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்தும் ராகிங்கைத் தமிழ்நாடு 1997-லும் இலங்கை 1998-லும் சட்டம் போட்டுத் தடுத்தன. ஆனால் தமிழ்வழியில் படித்து வந்தவர் முதலாண்டு செமினாரில் ஆங்கிலத்தில் தடுமாறும்போது பின்பெஞ்சில் எழும் சிரிப்பு எந்தச் சட்டத்திலும் சிக்காது. சிரித்தவர்கள் அன்றைக்கே மறந்துவிடுவார்கள். அவரோ அதன்பின் சந்தேகம் கேட்கவே எழுந்திருக்க மாட்டார்.

நன்றாகப் படிப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும் என்பது ஆசிரியர்களின் பழைய நம்பிக்கை. அமெரிக்க விமானப்படை அகாதெமியில் இதைச் சோதித்தார்கள். மதிப்பெண் குறையக்கூடும் எனக் கணிக்கப்பட்டவர்களை முன்னணி மாணவர்கள் நிறைந்த அணிகளில் சேர்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது: அவர்களின் மதிப்பெண் இன்னும் சரிந்தது. ஒரே அணிக்குள் முன்னணியினர் தனி செட், மற்றவர்கள் தனி செட் என்று பிரிந்திருந்தார்கள்.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970-களில் கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் கண்டது இதற்கு முந்தியது. நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றார்கள். ஆர்வமில்லை, வீட்டில் ஆதரவில்லை என்று ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் மாணவர்களோடு இருந்து கவனித்தபோது அது பொய்யானது. அவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து, ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் சரிபார்த்து, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கணக்கு எல்லாருக்கும் வரவில்லை என்றால், கணக்குதான் கடினம், குறை தன்னிடம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாகப் படித்தவருக்கு இதை அறிய வழியில்லை.

'எனக்கு மட்டும்தான் இப்படியா?' என்ற இந்த ஐயத்தையே உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று மூத்த மாணவர்கள் கூறியவற்றைப் புதியவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயிற்சிதான். அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்ததாக 2011-இல் அறிவித்தார்கள்.

பெர்க்லியில் கண்டதை வைத்து ட்ரைஸ்மன் தொடங்கிய பயிலரங்குகளில் துணைப்பாடம் எதுவும் நடத்தவில்லை. வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகப் போட வைத்தார். தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது. பின்னர் பிற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இம்முறையை எடுத்துக்கொண்டன.