சிறை மீண்ட சக்கரவர்த்தி: மூன்றாம் இராசராசனும் திருவொற்றியூர்க் கல்வெட்டும்

கி.பி. 1231இல் சோழச் சக்கரவர்த்தி ஒருவன் தன் சிற்றரசனின் கோட்டையில் சிறையிருந்தான். அவன் 1216இல் முடிசூடிய மூன்றாம் இராசராசன்; சிறைவைத்தவன் சேந்தமங்கலத்துக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன். கடலூரை அடுத்த திருவயிந்திபுரத்துக் கல்வெட்டு இதை விரிவாகச் சொல்கிறது. சோழன் சிறைப்பட்ட செய்தி எட்டியதும் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். அவனுடைய தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் காடவர் ஊர்களை அழித்து முன்னேறி, சோழனை மீட்டு நாட்டில் நிறுத்தினர். இந்நிகழ்ச்சியைக் கொண்டே பல வரலாற்றாசிரியர்கள் இராசராசனைத் திறமையற்றவன் என்று ஒதுக்கினர். போர்க்களத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அந்தத் தீர்ப்பில் பிழையில்லை. ஆனால் படையும் நிலமும் கைநழுவிய பின்னும் அவன் பெயர் ஏன் செல்லுபடியானது என்ற வினாவுக்கு அத்தீர்ப்பு விடை தருவதில்லை. அந்த விடையின் ஒரு பகுதி வடசென்னையில், திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது.

இராசராசனின் 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது சிறைமீண்டு நான்கு ஆண்டுகள் கழிந்த 1235ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டது, மன்னன் திருவொற்றியூருக்கு நேரில் வந்திருந்ததைப் பதிவு செய்கிறது. கோயில் மண்டபத்தில் இறைவன் திருமுன் உறவாக்கின தலைக்கோலி என்னும் பதியிலார் (கோயில் பணிமகள்) அகமார்க்கம் என்னும் இசைவகையைப் பாட, அரசன் கேட்டான். அவளைச் சிறப்பிக்கும் பொருட்டு மணலியில் இருந்த நிலம் உறவாக்கினநல்லூர் என்று அவள் பெயரால் வழங்கப்பட்டது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் அதே மணலிதான். தன் தலைநகரையே காக்க இயலாத அரசன், காவிரிக்கரையிலிருந்து இவ்வளவு வடக்கே, சிற்றரசர்கள் ஆதிக்கம் செலுத்திய தொண்டை மண்டலத்தில், ஓர் ஊருக்குப் பெயரும் உரிமையும் மாற்றுகிறான். கோயிலார் அதை ஏற்றுக் கல்லில் வெட்டுகிறார்கள்.

நாடு பற்றி எரிகையில் பாட்டுக் கேட்டு மகிழ்ந்த அரசனின் பொறுப்பின்மைக்கு இதுவே சான்று என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதம் இக்கோயிலின் மரபைக் கணக்கில் கொள்ளவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் இராசாதிராசன் தன் 9ஆம் ஆட்சியாண்டில் இதே கோயிலுக்கு வந்து, மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதர் உள்ளிட்டோருடன் அமர்ந்து சிவனடியார் ஆளுடைய நம்பியின் புராணம் கேட்டதை இன்னொரு கல்வெட்டு கூறுகிறது. ஆகவே இறைவன் திருமுன் அமர்ந்து கேட்பதும் கொடை அறிவிப்பதும் சோழ முடிக்குரிய கடமைகளுள் அடங்கும். சிறைமீண்ட இராசராசன் முன்னோர் செய்ததைத் தானும் செய்தான். தன் முடி இன்னும் தலையில்தான் இருக்கிறது என்பதை ஊரறிய நிறுவும் செயலாகவே அதைக் கொள்ள வேண்டும்.

கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டைக் குறிப்பது எழுத்தரின் வெறும் பழக்கம், அதிலிருந்து அதிகாரத்தை ஊகிக்கலாகாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆட்சியாண்டுக் குறிப்பு ஒன்றே வரி வசூலுக்குச் சான்றாகாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பழக்கம் மட்டுமே காரணமென்றால் அது மாறியிருக்கக் கூடாது, மாறியது. 1243இலிருந்து காடவர் கோப்பெருஞ்சிங்கன் ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் புனைந்து தன் ஆட்சியாண்டையே எண்ணத் தொடங்கினான். 1250இலிருந்து காஞ்சிப் பகுதியில் தெலுங்குச் சோடன் விசயகண்டகோபாலனின் ஆண்டுக் கணக்கு வந்தது. எழுத்தர்கள் யார் பெயரை எழுதுகிறோம் என்பதை அறிந்தே எழுதினார்கள். கொடை ‘சந்திராதித்தவரை’, அதாவது நிலவும் கதிரவனும் உள்ளவரை, நிலைக்க வேண்டும் என்று விரும்பிய கோயிலுக்கும் சபைக்கும், இன்று வந்து நாளை போகும் படைத்தலைவனைவிடப் பரம்பரை முடியின் பெயர் உறுதியான பிணையாக இருந்தது.

அந்தப் பெயரின் மதிப்பை வென்றவர்களும் அறிந்திருந்தார்கள். தஞ்சையையும் உறந்தையையும் எரித்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டை விழுங்கிவிடவில்லை. திருப்பிக் கொடுத்து, ‘சோணாடு வழங்கியருளிய’ என்ற அடைமொழியைச் சூடிக்கொண்டான். நரசிம்மனும் சோழ அரியணையில் தான் ஏறவில்லை. சோழ இராச்சியத்தை நிலைநிறுத்தியவன் என்ற விருதையே விரும்பினான். பாண்டியனின் கை ஓங்காதிருக்கப் போசளருக்குச் சோழன் தேவைப்பட்டான் என்ற அரசியல் கணக்கும் இதில் உண்டு. அந்தக் கணக்கே சோழ முடிக்கு ஒரு விலை இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

இதே காலத்து யப்பானை ஒப்பிட்டால் வாதம் தெளிவாகும். 1221இல் துறவரசர் கோ-தோபா, காமாகுராவின் படைத்தலைமையை எதிர்த்துத் தோற்று ஓகித் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1239இல் அங்கேயே இறந்தார். சிறுவயதுப் பேரரசரும் இறக்கப்பட்டார். தோல்வியில் கோ-தோபாவும் இராசராசனும் ஒத்தவர்கள், முடிவில் வேறுபட்டார்கள். கோ-தோபாவை வென்ற, காமாகுராவின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ஓசோ குடியினர் பேரரசர் பட்டத்தைத் தாம் சூடவில்லை. அவர்கள் முன்னிறுத்திய, சோகுன் என்னும் படைத்தலைவர் பதவியே பேரரசர் வழங்கும் பதவி. ஆகவே அந்த அரியணையைக் காப்பது வென்றவர்களுக்கே தேவையாயிற்று. சோழ நாட்டில் நிலைமை வேறு. பாண்டியனுக்குத் தன் முடி இருந்தது, போசளனுக்கும் இருந்தது. கடைசியில் காடவனும் சக்கரவர்த்தியானான். சோழன் கையால் பட்டம் பெற வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லாமல் போயிற்று. 1246இல் இராசராசனுடன் ஆட்சியில் பங்கேற்ற மூன்றாம் இராசேந்திரன் வீரத்தில் குறைந்தவனல்லன். ஆயினும் 1279க்குப் பின் சோழர் ஆட்சியாண்டு எண்ணப்படவில்லை.

ஆகவே சோழப் பேரரசு சேந்தமங்கலச் சிறையில் முடிந்தது என்பது பொருந்தாது. அச்சிறைக்குப் பிறகும் மணலி நிலத்துக்குச் சோழன் பெயரே பிணையாக நின்றது. அவன் ஆண்டைக் குறிக்காமலே கொடைகள் நிலைக்கும் என்று கோயில்களும் ஊர்களும் நம்பத் தொடங்கியபோதுதான் அந்தப் பேரரசு முடிந்தது.