கருப்பை வாய்

கருப்பையின் குறுகிய அடிப்பகுதி; யோனியின் மேல்முனையில் திறக்கிறது. நீளம் சுமார் 3 செ.மீ. இதன் சுரப்பிகள் சுரக்கும் சளி, மாதத்தின் பெரும்பகுதி கெட்டியாக இருந்து கிருமிகளைத் தடுக்கும்; சினைமுட்டை வெளிப்படும் நாட்களில் நீர்த்து, விந்தணுக்களுக்கு வழிவிடும். மாதவிடாய்க் குருதி இதன் வழியே வெளியேறும். பிரசவத்தில் சுமார் 10 செ.மீ. வரை விரியும்.

இங்கு வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் மனிதப் பாப்பிலோமா வைரஸே (எச்.பி.வி.) காரணம்; சுமார் 70 விழுக்காடு அதன் 16, 18 ஆம் வகைகளால் வருகிறது. இத்தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். நோய் முற்றப் பல ஆண்டுகள் ஆகும். தொடக்கத்தில் அறிகுறி தெரியாது. ஆகவே 9–14 வயதில் தடுப்பூசியும், 30 வயது முதல் முறையான பரிசோதனையும் உயிர்காக்கும். உடலுறவுக்குப் பின்னோ, மாதவிடாய் நின்ற பின்னோ குருதி கசிந்தால் தயங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.