புளியந்தீவின் பழைய கட்டடங்கள்

மட்டக்களப்பு வாவிக்குள் கிடக்கும் சிறு தீவு புளியந்தீவு. பாலங்கள் அதைக் கரையோடு இணைக்கின்றன. மட்டக்களப்பின் பழைய நகர் இதுதான். கோட்டை, தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் நடந்து பார்த்துவிடும் தூரத்துக்குள் நிற்கின்றன.

கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். பத்தே ஆண்டில், 1638 மே மாதம், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதற் கோட்டை இதுவே. நான்கு கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் பீரங்கிகளுக்கு வேலை குறைந்தது. கோட்டை கச்சேரியாயிற்று. ஒரு காலத்தில் ஊரை மிரட்டிய வாசலுக்குள் ஊரார் தங்கள் அலுவல்களுக்காக நெடுங்காலம் போய்வந்தனர். மதில்கள் தப்பியதற்கு அந்தப் புழக்கமே பெருங்காரணம். ஆள் நடமாட்டமற்ற கோட்டையை ஆலமரமும் கல் எடுப்போரும் விட்டுவைப்பதில்லை.

பள்ளிக்கூடங்களைக் காத்ததும் அதே புழக்கமே. வெசுலியன் மிசனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கு வந்தார். அவ்வாண்டிலேயே தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரிக்கு யேசுசபைத் துறவி பேர்டினன்ட் பொனெல் மாடிக் கட்டடம் எழுப்பினார். இவ்விரு பள்ளிகளிலும் படித்தவர் சுவாமி விபுலாநந்தர். அருகே புனித மரியாள் பேராலயம். அதன் நினைவில் துயரமும் உண்டு. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1978 நவம்பர் 23 சூறாவளி நகரின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. போர் வந்தது, 2004இல் ஆழிப்பேரலை வந்தது. கட்டடங்கள் நின்றன.

இன்றைய ஆபத்து வேறு: உரியவர்களே பழையதைக் கழற்றிப் புதிது போடுவது. அதிலிருந்து எல்லாக் கட்டடங்களையும் சட்டம் தானாகக் காப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றையே தொன்மைச் சின்னமாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. கோட்டை அதற்குள் அடங்கும். பொனெலின் கட்டடமும் பழைய ஓட்டு வீடுகளும் அடங்கா. அவற்றுக்குத் தனி வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். கூரையைக் கழற்றிக் கொங்கிறீட் தளம் போட முடிவெடுக்குமுன், உரியவர்கள் தொல்பொருளியல் திணைக்களத்தின் வாசலை ஒருமுறை தட்ட வேண்டும்.