பாலாறு சொல்லும் விண்வெளிப் பாடம்

ஆற்றுக்கும் வானுக்கும் எவரும் பட்டா வாங்கியதில்லை. பயன் கொள்ளும்போது ஒவ்வொருவரும் அவற்றைத் தமதென்றே எண்ணுகின்றனர். காக்கும் பொறுப்பு வரும்போது மட்டும் அவை ஊருக்குப் பொது என்று ஒதுங்கி விடுகின்றனர். பொதுச்சொத்துகளின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே அமைகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் வாழும் நாம் இவ்வரலாற்றைப் பாலாற்றங்கரையில் கண்கூடாகக் கண்டவர்கள். இன்று உலக நாடுகள் விண்வெளிக்கென வகுக்கும் கொள்கைகளைப் படிக்கையில், அதே வரலாறு நம் தலைக்கு மேலே மீண்டும் எழுதப்படுகிறதோ என்னும் ஐயம் எழுகிறது.

விண்வெளி இவ்வட்டாரத்திற்கு அயலானதன்று. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே சவ்வாது மலை ஏறினால் காவலூர் வருகிறது. நகர விளக்குகள் எட்டாத இருளும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானையும் தென்வானையும் ஒருங்கே காணும் வாய்ப்பும் வானியல் அறிஞர் வைணு பாப்புவை அங்கு ஈர்த்தன. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதற்குச் சான்று தந்த வானாய்வகங்களுள் காவலூரும் ஒன்று. 1986 முதல் அவ்வாய்வகம் பாப்புவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

காவலூரில் பணி தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1967 ஜனவரி 27 அன்று, விண்வெளி உடன்படிக்கை வாஷிங்டன், இலண்டன், மாஸ்கோ ஆகிய நகரங்களில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. விண்வெளி மனிதகுலம் அனைத்திற்கும் உரியது. எந்த நாடும் அதைத் தன் உடைமையாக்கிக் கொள்ளலாகாது என்பது அதன் உயிர்நாடி. உயர்ந்த கொள்கை இது. ஆயினும், சுற்றுப்பாதையில் விடப்படும் கழிவை எத்தனை ஆண்டுக்குள் அகற்ற வேண்டும், அகற்றாதவர் என்ன ஈடு தர வேண்டும் என்பவற்றை அது வரையறுக்கவில்லை. எல்லார்க்கும் பொது என்று அறிவித்த பொருளுக்குக் காவலரை நியமிக்க மறந்துவிட்டது எனலாம்.

காவலரில்லாப் பொதுச்சொத்துக்கு என்ன நேரும் என்பதை மலையடிவாரத்திலேயே காணலாம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் ஒன்றிருந்தது. 1970களில் அரசு கச்சாத் தோல், அரைப்பதத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பெரிந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குரோமியப் பதனீடு பரவியபோது, அதன் கழிவுநீர் எங்கே போகும் என்னும் கேள்வியை எவரும் உரிய காலத்தில் கேட்கவில்லை. உப்பும் குரோமியமும் பாலாற்று மணலில் இறங்கின, கிணறுகள் கெட்டன. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டது என்னும் ஆய்வு முடிவு உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது.

1991இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த அவ்வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும். மாசு செய்தவரே ஈடு செலுத்த வேண்டும். தம் செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் கடமை தொழில் நடத்துபவருடையதே. இம்மூன்றும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகள் என நீதிமன்றம் அறிவித்தது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. நம் கிணறுகளின் கண்ணீரிலிருந்து பிறந்த நெறி இன்று நாடெங்கும் சட்ட மாணவர் பயிலும் பாடமாயிற்று.

விண்வெளிக்கு இந்நெறி ஏன் வேண்டும்? 2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில், செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றும் இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றும் மோதிச் சிதறின. கண்காணிக்கத்தக்க துண்டுகள் மட்டும் ஆயிரக்கணக்கில் உண்டாயின. தாழ்ந்த பாதையில் உள்ள துண்டை மெல்லிய காற்று சில ஆண்டுகளில் இழுத்து எரித்துவிடும். 800 கிலோமீட்டருக்கு மேலே அது நூற்றாண்டுக்கணக்கில் சுற்றும். ஒரு மோதல் பல மோதல்களுக்கு வித்தாகலாம் என டொனால்டு கெஸ்லர் 1978லேயே எச்சரித்திருந்தார். இன்று ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் பத்து இலட்சத்தைத் தாண்டும் என ஐரோப்பிய விண்வெளி முகமை மதிப்பிடுகிறது. மணலில் இறங்கிய குரோமியத்தைப் போலவே இவையும் விட்டவரை விட்டு நீங்கி, பின்வருவோர் வழியில் காத்துக் கிடக்கின்றன.

2019 மே மாதத்தில் ஒரே ஏவுதலில் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சென்றன. அதன்பின் அத்தகையவை ஆயிரமாயிரமாகப் பெருகியுள்ளன. தொலைநோக்கிகள் எடுக்கும் படங்களில் அவற்றின் ஒளிக்கோடுகள் குறுக்கிடுவதாக உலகெங்கும் வானியலாளர் முறையிடுகின்றனர். ஊர் விளக்குகளுக்கு அஞ்சி மலையேறலாம். மேலிருந்து வரும் விளக்குக்கு அஞ்சி எங்கே ஏறுவது?

ஈடு கேட்கும் முயற்சிகள் சிலவும் நடந்துள்ளன. 1978இல் சோவியத் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 954 கனடா மண்ணில் அணுக்கதிர்க் கழிவுடன் விழுந்தது. 1981இல் சோவியத் அரசு 30 இலட்சம் கனடிய டாலர் தந்தது. 2023 அக்டோபரில் அமெரிக்கா, பழைய செயற்கைக்கோளை உரியவாறு அப்புறப்படுத்தாத டிஷ் நிறுவனத்துக்கு 1,50,000 டாலர் அபராதம் விதித்தது. விண்வெளிக் கழிவுக்கென அந்நாடு விதித்த முதல் அபராதம் அதுவே. நம் ஆலைகளுக்கு விதித்த 10,000 ரூபாயைப் போல அதுவும் ஓர் அடையாளம், ஒரு தொடக்கம்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2019 மார்ச் 27 அன்று இந்தியா தன் செயற்கைக்கோளையே ஏவுகணையால் தகர்த்தது. தாழ்ந்த உயரமாதலால் துண்டுகள் விரைவில் எரிந்துவிடும் எனக் கூறப்பட்டது. எனினும் சில ஓராண்டுக்கும் மேல் சுற்றின. மறுபுறம், 2030க்குள் கழிவேதும் விடாத விண்பயணம் என்னும் குறிக்கோளை 2024இல் இந்தியா அறிவித்திருப்பது பாராட்டுக்குரியது. 2023ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை தனியார்க்குக் கதவை அகலத் திறந்துள்ளது. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. புயலை முன்னறிவிக்கும், மீனவர்க்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் நமக்கு வேண்டும். எனவே கதவு திறப்பதைக் குறைகூற மாட்டோம். கழிவு எங்கே போகும் என்னும் கேள்வியைக் கதவருகிலேயே கேட்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஏனெனில், காலம் தாழ்த்திக் கேட்பதன் விலையை நாம் அறிவோம். 1996இல் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரி 30 அன்றும் அதே உச்சநீதிமன்றம் பாலாற்று மக்களுக்கு இழப்பீடு வழங்குமாறு மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தலைமுறை முதுமை எய்திவிட்டது. ஆற்றுக்காவது முறையிடக் கரையோர மக்கள் இருந்தனர். சுற்றுப்பாதைக்குக் கரையுமில்லை, குடிகளுமில்லை. அதற்காக வழக்குரைக்க வேண்டியவர்கள் ஓர் ஆற்றை இழந்து பாடம் கற்ற நம்மைப் போன்றவர்களே.